ஆட்டுக் கொட்டகைக்கு அநுமதி

ஓர் ஆட்டுக் கொட்டகை போட வேண்டுமானால் யாரைக் கேட்க வேண்டும்? நம் ஊர்ப் பெரியவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால், கேட்டவனை ஒரு தினுசாகத்தான் பார்ப்பார்கள். நாலு கழியும் பத்துக் கீற்றும் இருந்தால் கொட்டகை ஆயிற்று. கிடை போடுகிறவர்களுக்கு அதுகூட வேண்டியதில்லை. படலைத் தூக்கிக்கொண்டு இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஆட்டுக்காரருக்கும் வயலுக்குடையவருக்கும் பேச்சு முடிந்தால் காரியம் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பது என்ற பிரஸ்தாபமே எழாது.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு விவசாயக் கலாசாலை, செம்மறியாடுகளைக் கறப்பதற்கென்று புதிய கட்டடங்கள் எழுப்ப அநுமதி வேண்டி, வரைபடங்களும் அறிக்கைகளுமாகச் சுமார் இருநூறு பக்கத்தில் மனுச் செய்துகொண்டது. அந்த இருநூறு பக்கத்தையும் நான் படித்தேன். 'இவருக்கு வேறு வேலை இல்லையா?' என்று நேயர்கள் கேட்கலாம். உண்மையில் அப்போது வேறு வேலை இல்லை. கோடை விடுமுறையைக் கழிப்பதற்காக அங்கே வசிக்கும் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். போன நாள் முதல் மழை. வாத்தியார்த் தொழிலில் இருபது வருஷம் தள்ளியவனுக்கு மழை நாளில் கையில் ஏதாவது காகிதம் இல்லாவிட்டால் பொழுது போகாது. அந்த ஊர் ஸ்தல ஸ்தாபனம் இத்தகைய மனுக்களை யாவரும் படிக்கும்படி கம்ப்யூட்டரில் போட்டு வைக்கிறது. தங்கையின் புருஷர் அதைத் திறந்து கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போனார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் செம்மறியாட்டுப் பாலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஆட்டுப் பால் என்றதும் நமக்கு வெள்ளாடுதான் நினைவுக்கு வருகிறது. மகாத்மா காந்தி அருந்தியதும் வெள்ளாட்டுப் பால்தான். செம்மறியைக் கம்பளிக்கும் கறிக்கும் எருவுக்கும் உரிய பிராணி என்று நாம் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பிரான்ஸ் தேசத்தின் தெற்கே ரோக்போர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே கொம்பலூ என்ற மலையின் குகைகளில் பதப்படுத்தி, நீலப் பூசணம் படர விடுகிற பாலாடைக்கட்டி உலகப் பிரசித்தம். அதற்குரிய பால் லகோன் என்ற ஜாதிச் செம்மறியின் பால். அந்தப் பெயரை வேறு யாரும் தங்கள் சரக்குக்கு வைத்துக்கொள்ளக் கூடாதென்று 1925-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்துவிட்டார்கள்.

இங்கிலாந்துக்கும் இது புதிதல்ல. காம்டன் என்ற சரித்திர ஆசிரியர் 1586-இல் வெளியிட்ட 'பிரிட்டானியா' என்னும் நூலில், தேம்ஸ் நதியின் முகத்துவாரத்துக்கு அருகே உள்ள கான்வி தீவில் ஆண் பிள்ளைகள் செம்மறிகளைக் கறந்து பாலாடைக்கட்டி செய்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். பால் கறப்பது அங்கே பெண்களின் வேலையாக இருந்ததால் அவருக்கு அது ஆச்சரியமாகப் பட்டது போலும்! பிற்காலத்தில் பசு வந்து செம்மறியை ஒதுக்கிவிட்டது. பசு கொடுக்கும் அளவோடு செம்மறி போட்டி போட முடியுமா? நல்ல கறவைச் செம்மறிகூட நாளைக்கு ஓரிரண்டு லிட்டர்தான் கொடுக்கும். ஆனால் அந்தப் பால் கெட்டியானது. பசும்பாலில் நூற்றுக்கு நாலு பங்கு கொழுப்பு என்றால், இதில் ஆறு ஏழு பங்கு. ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்குப் பசும்பால் சுமார் பத்து லிட்டர் வேண்டும். செம்மறிப் பால் ஐந்து ஆறு லிட்டர் போதும். உறைய வைத்துச் சில மாதம் கழித்து எடுத்துக் காய்ச்சினாலும் கட்டி செய்யலாம். சிறிய பண்ணைக்காரர்கள் சிலர் இப்போது மறுபடியும் இதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கத்தான் கலாசாலை கொட்டகை கேட்டது.

கலாசாலையை ஊர் ஜனங்களுக்குத் திறந்து காட்டும் நாளில் நானும் போய்ப் பார்த்தேன். பழைய மாட்டுத் தொழுவம் ஒன்றில் பன்னிரண்டு ஆடுகள். மாணவர்கள், மாணவிகள், எல்லாரும் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள், சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டுக் குனிந்து, தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சின்ன யந்திரத்தை வைத்துக்கொண்டு கறந்தார்கள். செம்மறிக்கு இரண்டே காம்பு. மடி தரைக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு பெண் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். புதிய கட்டடத்தில் அப்படி இல்லை. ஆடுகள் ஒரு மேடைமேல் வரிசையாக ஏறி நிற்கும். கறப்பவர் கீழே ஒரு பள்ளத்தில் நிமிர்ந்து நிற்பார். மடி அவர் கைக்கு எதிரே வந்துவிடும். மேடைக்கு முன்னால் தொட்டியில் தீனி. இரண்டு நாள் பழகினால் மூன்றாம் நாள் ஆடுகளே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேடை ஏறும் என்றார் உபாத்தியாயர். எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியான உணவு மணி அடித்ததும் நடக்கிற காட்சியை நினைத்துக்கொண்டேன்.

கறவைக் கூடம், ஆடுகள் குளிர்காலத்தில் தங்கும் கொட்டகை, பாலைக் குளிர வைக்கும் அறை, மாணவர்கள் நின்று பார்க்க ஒரு மாடம், ஒரு வகுப்பறை: எல்லாம் சேர்ந்து ஆயிரம் சதுர மீட்டருக்குச் சற்று மேல்.

இனி அநுமதி விஷயம். 1947-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி, நகர, கிராமத் திட்டச் சட்டம் என்ற ஒரு சட்டத்துக்கு இங்கிலாந்து அரசர் சம்மதம் கொடுத்தார். நம்மில் யாரும் அதைக் கவனித்திருக்க நியாயமில்லை. அதற்கு ஒன்பதாம் நாள் நம் தேசம் சுதந்திரம் அடைந்தது. நமக்கு வேறு வேலை இருந்தது. 1948 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் சாரம் இது: நிலம் உன்னுடையதாக இருக்கலாம், அதில் கட்டடம் எழுப்பும் உரிமை உன்னுடையதல்ல, பொதுஜனங்களுடையது, அவர்கள் சார்பில் ஸ்தல ஸ்தாபனம் சம்மதித்தால்தான் கட்டலாம்.

இத்தனை கண்டிப்பான சட்டம் விவசாயியிடம் மாத்திரம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டது. உழுவதும் விதைப்பதும் ஆடு மாடு மேய்ப்பதும் சட்டத்தின் கண்ணில் பட வேண்டியதே இல்லை. பண்ணைக் கட்டடங்களுக்கும் பொதுவாக ஓர் அநுமதியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். யுத்த காலத்தில் வெண்ணெய்க்கு ரேஷன் சீட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற ஜனங்கள் அல்லவா? உணவு விளைப்பவனுடைய கையைக் கட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. தவிரவும், நாட்டுப்புறத்தின் அழகைக் காக்கிறவன் விவசாயிதான் என்ற அபிப்பிராயம் அப்போது பலமாக இருந்தது. 1942-இல் வெளிவந்த ஸ்காட் கமிட்டி அறிக்கை அதைத்தான் சொல்லிற்று. கல் சுவரும் ஓட்டுக் கூரையுமான பழைய தொழுவங்களைப் பார்த்தவர்களுக்கு அது சரியாகவே தோன்றியிருக்கும். தகரமும் இரும்புத் தூணுமாக ஒரு ரயில்வே ஷெட்டின் அளவுக்குக் கோழிக் கூடங்கள் எழும்பும் என்று அவர்கள் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

ஆகையால் சலுகைக்குப் பிற்பாடு எல்லைகள் வகுத்தார்கள். பெரிய பண்ணைகளில் தனி மனு இல்லாமல் கட்டக்கூடிய கட்டடத்தின் அளவு வெகு காலம் 465 சதுர மீட்டராக இருந்தது. 2018-இல் ஆயிரமாகவும், 2024-இல் 1,500 ஆகவும் அதை உயர்த்தினார்கள். அளவை உயர்த்திக்கொண்டே போனாலும் ஒரு நிபந்தனையை மாத்திரம் தளர்த்தவில்லை. பிராணிகள் தங்கும் கட்டடம் பிறர் வசிக்கும் வீட்டுக்கு 400 மீட்டருக்குள் வருமானால் சலுகை கிடையாது. முழு மனுச் செய்து, அக்கம்பக்கத்தாரைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும். வேடிக்கையைப் பாருங்கள்: அதே ஆடுகள் அதே வீட்டின் வேலியோரத்தில் இரவு பகலாக மேயலாம், கத்தலாம், ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. அவற்றின் தலைக்கு மேல் ஒரு கூரை வந்துவிட்டால் இருநூறு பக்கம்!

கலாசாலை குறித்த இடத்திலிருந்து சுமார் 260 மீட்டரில் ஒரு வீடு இருந்தது. என் தங்கை வீட்டுக்கு அடுத்த வீடு. அதில் ஒரு மூதாட்டி தனியாக வசித்தாள். தபாலாபீஸில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள். பாதையோரத்துக் கம்பத்தில் அறிவிப்புக் காகிதத்தைக் கட்டி, ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அதை அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மழையில் நின்று இரண்டு தடவை படித்ததாக என் தங்கை சொன்னாள். பிறகு நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, "உன் தமையனார் உபாத்தியாயர் ஆயிற்றே, பார்த்துச் சொல்லட்டும்" என்று கொடுத்தனுப்பிவிட்டாள்.

இங்கே என் கட்சி எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் பள்ளிக்கூடத்து மனிதன். முழங்காலிட்டுக் கறந்த அந்தப் பெண்ணை நேரில் பார்த்தவன். கொட்டகை எழும்ப வேண்டும் என்பதே என் ஆசை. ஆனாலும் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு கிழவியின் கடிதத்தில் உட்கார்ந்தேன். அதற்கும் காரணம் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சில வருஷங்களுக்கு முன் ஒரு கோழிப் பண்ணை முளைத்தது. ஒரு விடுமுறைக்குப் போய்த் திரும்பினோம். மதிலுக்கு அப்பால் தகரக் கூரை நின்றது. ஆவணி மாதத்தில் மத்தியான உணவின்மேல் ஈக்கள் உட்காருவதைப் பார்க்கிற குழந்தைகள் ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் விசிறிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். விசாரித்தபோது, முறைப்படி நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது என்று பதில் வந்தது. எந்தச் சுவரில், எந்தத் தேதியில், எந்த ஜாமத்தில் என்பதை இன்று வரை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே நோட்டீஸை மழையில் நின்று படித்த ஒருத்தி இருக்கிறாள் என்றால், அவள் எழுதுவதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

அவளுடைய நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் வீண். ஜன்னல் வழியே தெரியும் குன்று மறைந்துவிடும் என்று ஒரு பக்கம். வீட்டின் விலை விழுந்துவிடும் என்று ஒரு பக்கம். அந்தச் சட்டத்தில் இவை இரண்டும் செல்லாது. தன் ஜன்னலுக்குரிய காட்சிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அது அவரவர் பாடு. சத்தம், நாற்றம், வெளிச்சம், தண்ணீர், பாதையில் வண்டிப் போக்குவரத்து, நாட்டுப்புறத்தின் பொதுவான தோற்றம் ஆகியவை செல்லும். கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. ஆடுகளோடு தனக்குச் சண்டை ஒன்றும் இல்லை, காலை நாலரை மணிக்கு ஓடப்போகும் பம்புடன்தான் சண்டை என்று எழுதியிருந்தாள். வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். கறவை யந்திரத்துக்குக் காற்றை உறிஞ்சும் பம்பும், பாலைக் குளிர வைக்கும் யந்திரமும் அவள் படுக்கையறையை நோக்கிய சுவரில்தான் இருந்தன. அந்தப் பக்கத்தில் மின்சாரக் கம்பி கிட்ட இருந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது விஷயம், கட்டடத்துக்குக் கீழே ஓடும் ஓடை. கறவைக் கூடத்தைத் தினம் இரண்டு வேளை கழுவுகிறார்கள். கழுவின நீரில் பால் இருக்கிறது. பால் அமிர்தம் அல்லவா, ஆற்றில் கலந்தால் என்ன என்று தோன்றும். சாக்கடையைவிடப் பால் ஆற்றுக்கு நூறு மடங்குக்கு மேல் கொடியது! பாலைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொண்டு விடுகின்றன; மீன்கள் மூச்சுத் திணறிச் செத்துப் போகின்றன. சாணிக் குழம்புத் தொட்டியை நீர்நிலைக்குப் பத்து மீட்டருக்குள் கட்டக் கூடாதென்று அங்கே விதி இருக்கிறது. கலாசாலையின் வரைபடத்தில் தூரம் சரியாகவே இருந்தது. ஆனால் தொட்டி நிரம்பி வழிந்தால் எந்தப் பக்கம் சரிவு என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'நிலம் ஓடையை நோக்கிச் சரிகிறது' என்று கிழவி எழுதியிருந்தாள். நாற்பது வருஷம் அந்தச் சரிவைப் பார்த்தவள் அவள்.

மூன்றரைப் பக்கத்தை அடித்துவிட்டு அரைப் பக்கத்தை இரண்டாக விரித்துக் கொடுத்தேன். குன்றை அடித்ததில் அவளுக்கு வருத்தம்தான்.

ஜூலை மாதம் கமிட்டி கூடியது. நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தை யாரும் எங்கிருந்தும் பார்க்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். அங்கே மத்தியானம் இரண்டு மணி. நமக்கு மாலை ஆறரை. பேசுகிறவருக்கு மூன்று நிமிஷம். மூதாட்டி இரண்டு நிமிஷத்திலேயே முடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கலாசாலை உபாத்தியாயர் எழுந்தார். அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. செம்மறி சினை சுமக்கும் காலம் ஏறக்குறைய 147 நாள். இலையுதிர் காலத்தில் கிடா சேர்த்தால் மாசி, பங்குனியில் குட்டி, அப்போதுதான் பால். கட்டடம் அதற்குள் தயாராகாவிட்டால் ஆடு காத்திருக்காது. "நீங்கள் மூன்று மாதம் தாமதித்தால் செம்மறிக்கு அது ஒரு வருஷம், இரண்டு வருஷப் படிப்புக்கு வந்த பிள்ளைக்கு அது பாதிப் படிப்பு" என்றார். இதைவிட நன்றாக அந்தக் கட்சியை யாரும் பேசியிருக்க முடியாது.

அங்கத்தினர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருவர் கூரையின் நிறத்தைப் பற்றியே பதினைந்து நிமிஷம் பேசினார். எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார் போலும். ஒத்தி வைக்கலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் அநுமதி கொடுத்தார்கள், பதினான்கு நிபந்தனைகளோடு. பம்பும் குளிர் யந்திரமும் எதிர்ப்புறச் சுவருக்குப் போக வேண்டும். கழுவு நீர்த் தொட்டிக்குச் சுற்றிலும் தடுப்புக் கரை போட வேண்டும். வெளி விளக்குகள் தரையை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். வேலியில் நாட்டுச் செடிகள் நட வேண்டும். இவற்றில் முதல் இரண்டுக்கும் விவரமான வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெற்ற பிறகே கடைக்கால் தோண்டலாம்.

என் மனசுக்கு ஒவ்வாத ஓர் அம்சத்தையும் சொல்ல வேண்டும். அநுமதி மறுக்கப்பட்டிருந்தால் கலாசாலை ஆறு மாதத்துக்குள் மேல் முறையீடு செய்துகொண்டிருக்கலாம். கொடுக்கப்பட்டுவிட்டபடியால் கிழவிக்கு அந்த வழி கிடையாது. கோர்ட்டுக்குப் போகலாம், ஆறு வாரத்துக்குள் போக வேண்டும், அதுவும் கமிட்டி சட்டப்படி நடக்கவில்லை என்று காட்ட முடிந்தால்தான். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவள் வக்கீலுக்கு எங்கே போவாள்? கேட்பதற்கு இருவரையும் சமமாக அழைத்துவிட்டு, தீர்ப்புக்குப் பிறகு ஒருவருக்கு மாத்திரம் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மேல் முறையீட்டை எல்லாருக்கும் திறந்துவிட்டால் ஒரு கட்டடமும் எழும்பாது என்று தங்கையின் புருஷர் வாதித்தார். இருக்கலாம். ஆனாலும் கட்டுகிறவனுக்கு ஆறு மாதம், பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆறு வாரம் என்ற கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதி நியாயம் என்று சொல்வது?

புதிய வரைபடங்கள் தயாராகி ஒப்புதல் கிடைக்க ஐப்பசி மாதம் ஆகிவிட்டது. மார்கழிக் குளிரில் தரை இறுகிப்போய்க் கான்கிரீட் போட முடியவில்லை. மாசி மாதம் குட்டிகள் பிறந்தபோது நாலு இரும்புத் தூண்கள்தாம் நின்றன. அந்த வருஷத்துப் பிள்ளைகள் மாட்டுத் தொழுவத்தில் முழங்காலிட்டே படிப்பை முடித்துப் போனார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்ட பெண்ணும் போய்விட்டாள். அவள் விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதற்காகக் கடிதத்தைத் திருத்தாமல் இருந்திருப்பேனா என்றால், இருந்திருக்க மாட்டேன்.

மறு வருஷம் கொட்டகை முடிந்தது. சென்ற மாதம் தங்கை எழுதியிருந்தாள். அதிகாலையில் ஆடுகள் மேடை ஏறும் குளம்புச் சத்தம் லேசாகக் கேட்கிறதாம். பம்பின் சத்தம் கேட்பதில்லையாம். விளக்கு மாத்திரம் இரண்டு நாள் நிமிர்ந்து எரிந்திருக்கிறது. கிழவி ஒன்பதாவது நிபந்தனையைக் காகிதத்தில் பெரிய எழுத்தாக எழுதி எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றிக்கொண்டு, கலாசாலை வாசலுக்கே போய்விட்டாளாம். பையன் ஒருவன் ஏணி வைத்து ஏறி விளக்கைத் தாழ்த்திவிட்டு, அவளைக் கொட்டகைக்குள் அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறான். மாடத்தில் நின்று பார்த்தால் அந்தக் குன்று நன்றாகத் தெரிகிறது என்று வந்து சொன்னாளாம்.